இன்ஃப்ராவொர்க்ஸ்ல ஸ்டைல் ரூல்: இம்போர்ட் பண்ண ரோடு டிசைன் முழுக்க ஒரே மாதிரி தெரியுது, என்ன பண்ணலாம்?

நடுக்கோடு:
எல்லாருக்கும் வணக்கம். நாலு வழி ரோடு, நடுவுல மீடியன், ரெண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு, டிசைன் முழுக்க சிவில் 3டின்ற டிசைன் சாஃப்ட்வேர்ல முடிஞ்சிருக்கு. கோரிடாரோட (அதாவது ரோட்டோட 3டி மாடல்) டாப் சர்ஃபேஸை லேண்ட்எக்ஸ்எம்எல் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி, 3டில காட்டுறதுக்கான சாஃப்ட்வேர் இன்ஃப்ராவொர்க்ஸ்ல டெரைனா (நிலப்பரப்பா) உள்ள கொண்டுவந்துட்டேன். உயரம் சரியா இருக்கு, கரை சரிவு சரியா இருக்கு, ஆனா பாக்குறப்ப எது தார் ரோடு எது ஷோல்டர் (தாரை ஒட்டின ஓரப் பட்டை) எது நடைபாதைன்னு ஒண்ணும் பிரிஞ்சு தெரியல, மொத்தத்துக்கும் மேல சாட்டிலைட் படம்தான் படிஞ்சு கிடக்கு. ஸ்டைல் ரூல் (எதுக்கு எந்தத் தோற்றம்னு தானா குடுக்குற விதி) பேனலைத் திறந்து கவரேஜ் (டெரைன் மேல படியுற பரப்பு) டேப்ல "பேவ்"ன்னு ஃபில்டர் எழுதி, அஸ்ஃபால்ட் ஸ்டைல் குடுத்து ரன் பண்ணேன், எதுவும் மாறல. கையாலயே கவரேஜ் வரைஞ்சு கலர் குடுத்துடலாம்னு பார்த்தா டிசைன் இன்னும் மாறிட்டு இருக்கு, ஒவ்வொரு தடவையும் திரும்ப வரையுறது நடக்காத காரியம். ரூல் எழுதுற விதத்துல ஏதாவது விட்டுப்போச்சா, இல்ல டேட்டாவே வேற மாதிரி வரணுமா?

மைல்கல்:
டேட்டாதான் வேற மாதிரி வரணும். லேண்ட்எக்ஸ்எம்எல் சர்ஃபேஸுக்குள்ள இருக்கிறது புள்ளிகளும் அதை இணைக்கிற முக்கோணங்களும் மட்டும்தான். இந்த முக்கோணம் தார் மேல இருக்கு, அது புல் மேல இருக்குன்னு எங்கயும் எழுதியிருக்காது. சிவில் 3டில கோட் செட் ஸ்டைல் வெச்சு அழகா கலர் கலரா பார்த்திருப்பீங்க, அந்தக் கோட் (எந்தப் பகுதி எதுன்னு சொல்ற குறியீட்டுப் பேர்) எல்லாம் கோரிடாரோடது, சர்ஃபேஸோடது இல்ல. கோரிடார்ல இருந்து சர்ஃபேஸ் உருவாகுற நிமிஷமே அந்தத் தகவல் கழண்டு போயிடுது.

ஸ்டைல் ரூல் வேலை செய்யுறது அட்ரிபியூட் மேல, அதாவது ஒவ்வொரு வடிவத்தோடயும் டேபிள்ல வர்ற தகவல் மேல. கவரேஜ், ரோடு, பில்டிங் மாதிரி ஒவ்வொரு வகைக்கும் தனி டேப் இருக்குறதே அதுக்குத்தான், ஒவ்வொரு வரிசையையும் எடுத்து அதோட ஃபீல்டுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்து, ஃபில்டர் பொருந்தினா ஸ்டைலைப் போடும். உங்ககிட்ட கவரேஜுன்னு ஒரு வரிசை கூட இல்ல, ஒரே ஒரு டெரைன் இருக்கு. அதனால ரூல் ஓடியிருக்கும், ஓடித் தேடிப் பார்த்து ஒண்ணும் கிடைக்காம திரும்பியிருக்கும்.

டெரைனை அப்படியே வெச்சுக்கோங்க, உயரத்துக்கு அது வேணும். அதுக்கு மேல தார், ஷோல்டர், மீடியன், சரிவு ஒவ்வொண்ணையும் மூடிய பாலிகனா தனி ஃபைல்ல கொண்டுவந்து கவரேஜா கான்ஃபிகர் பண்ணுங்க.

சரிவுக்கோணம்:
மைல்கல் சொன்னது சரி. பாலிகனை எப்படி எடுக்கிறதுன்னு நான் சொல்றேன், ஏன்னா பாதி பேர் தடுக்கி விழுறது அங்கதான். கோரிடார் ஃபீச்சர் லைன்ல இருந்து பாலிலைன் எடுத்து ஒவ்வொரு பட்டையையும் மூடிய பாலிலைனா ஆக்கிக்கோங்க, லேயர் பேரையே அந்தக் குறியீடா வெச்சுடுங்க, பேவ் (தார்), ஷோல்டர், சைட்வாக் (நடைபாதை), டேலைட்_கட், டேலைட்_ஃபில் (மண்ணை வெட்டின, நிரப்பின வெளிச்சரிவு) இப்படி. அப்புறம் சிவில் 3டியோட மேப்எக்ஸ்போர்ட் கமாண்ட்ல ஷேப் ஃபைல் (வடிவமும் அதோட டேபிளும் சேர்ந்த மேப் ஃபைல்), வகை பாலிகன், மூடிய பாலிலைனை பாலிகனா எடுத்துக்கோன்னு இருக்குற டிக்கைப் போடுங்க, டேட்டா டேப்ல லேயர் ப்ராப்பர்ட்டியை டிக் பண்ணுங்க. இந்தக் கடைசி டிக்கை விட்டீங்கன்னா வெறும் வடிவம்தான் போகும், பேர் போகாது, திரும்ப இப்ப இருக்குற இடத்துக்கே வந்து நிப்பீங்க.

ஷேப் ஃபைல்ல ஃபீல்டு பேர் 10 எழுத்துதான் தாங்கும், அதுக்கு மேல வெட்டிடும். நீளமா பேர் வெச்சுட்டு இன்ஃப்ராவொர்க்ஸ்ல வந்து அந்தப் பேரைத் தேடாதீங்க. 'கோட்'னு சின்னதா வெச்சா போதும்.

ஆரம்பத்துலயே முடிவு பண்ண வேண்டிய விஷயம் இன்னொண்ணு இருக்கு. சிவில் 3டில ஒரு லிங்குக்கு (குறுக்குவெட்டுல ஒரு பரப்பைக் காட்டுற துண்டு) ஒரே கோட்தான்னு கிடையாது. லேன் சப்அசெம்ப்ளியோட (குறுக்குவெட்டுல ஓடுபாதைக்கான பகுதி) மேல் லிங்குக்கு டாப், பேவ் ரெண்டும் இருக்கும். நடைபாதைக்கு டாப், சைட்வாக். வெளிச்சரிவுக்கு டேலைட், அதோட கட் ஃபில் வேற. அதனால டாப்ன்ற கோட் பேரை நம்பி எதையும் பிரிக்க முடியாது, அது மேல தெரியுற எல்லாத்துலயும் ஒட்டிட்டு வரும். எந்தக் கோட் ஒரு பொருளை மட்டும் குறிக்குதோ அதை எடுங்க.

நடுக்கோடு:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பண்ணிப் பார்த்தேன், ஷேப் ஃபைல் உள்ள வந்துடுச்சு. இப்ப தார் கருப்பா தெரியுது, சரிவு பச்சையா தெரியுது, மனசுக்கு எவ்ளோ நிம்மதின்னு சொல்லத் தெரியல. ஆனா மூணு சிக்கல் மிச்சம். ஒண்ணு, சர்வீஸ் ரோட்ல சில துண்டுக்கு எந்த ஸ்டைலும் ஏறல. ரெண்டு, போன வாரம் சோதனைக்காக நானே க்ளிக் பண்ணி சிவப்பு குடுத்த ஒரு துண்டு என்ன ரூல் ஓட்டினாலும் சிவப்பாவே நிக்குது. மூணு, நடைபாதை ஓரத்துல தார் ஸ்டைல் ஒரு இடத்துல மேல வந்து மூடுது.

மைல்கல்:
ரெண்டாவதை முதல்ல முடிச்சுடலாம். அந்தச் சிவப்புத் துண்டை செலக்ட் பண்ணி ப்ராப்பர்ட்டீஸைப் பாருங்க, மேனுவல் ஸ்டைல், ரூல் ஸ்டைல்னு ரெண்டு தனித்தனி ஃபீல்டு இருக்கும். கையால குடுத்தது மேனுவல்ல உக்காரும், ரூல் குடுத்தது ரூல்ல உக்காரும், ரெண்டும் இருந்தா மேனுவல்தான் ஜெயிக்கும். ரூல் ஓடிட்டுதான் இருக்கு, அதோட பதில் உள்ள எழுதப்பட்டும் இருக்கு, மேனுவல் அதை மறைச்சுட்டு நிக்குது. மேனுவல் ஃபீல்டைக் காலி பண்ணுங்க, கீழ இருக்குறது வெளிய வந்துடும்.

இம்போர்ட் சமயத்துலயும் இதைக் கவனிக்கணும். டேட்டா சோர்ஸ் கான்ஃபிகரேஷன்ல ஸ்டைலை நேரடியா அங்கயே குடுத்துட்டா அப்புறம் ரூல் எழுதுறப்ப ஏன் மாறலைன்னு தலையைப் பிச்சுக்க வேண்டி வரும். ரூலுக்குன்னு ஒதுக்கின டேட்டாவுக்கு இம்போர்ட்ல ஸ்டைல் எதையும் தொடாதீங்க.

வளைவுமுன்னே:
முதல் சிக்கலுக்கு நான் வரேன். டேட்டா டேபிளைத் திறந்து ஸ்டைல் ஏறாத துண்டுகளோட கோட் ஃபீல்டுல என்ன இருக்குன்னு பாருங்க. அனேகமா மூணுல ஒண்ணா இருக்கும்: காலியா இருக்கும், இல்ல பேவ்1னு இருக்கும், இல்ல பேருக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். ஃபில்டர்ல சமம்னு எழுதினா எழுத்து எழுத்தா பொருந்தணும், பேவும் பேவ்1ம் அதுக்கு வேற வேற. லைக் போட்டு ரெண்டு பக்கமும் சதவீதக் குறி வெச்சா பேவ்ன்ற எழுத்து எங்க இருந்தாலும் பிடிக்கும். ஆனா லைக்கை அள்ளித் தெளிக்காதீங்க, '%பேஸ்%'னு எழுதினா பேஸும் வரும், சப்பேஸும் வரும்.

காலி ஃபீல்டு விஷயம் இதைவிட நுட்பமானது, யாரும் சொல்லித் தர மாட்டாங்க, அதனால நீளமாவே சொல்றேன். பேவ் இல்லாத எல்லாத்துக்கும் பச்சை குடுன்னு எதிர்மறையா ரூல் எழுதுறோம்னு வைங்க, காலியா இருக்குற வரிசையும் பேவ் இல்லதானே, அதுக்கும் பச்சை வரும்னு நாம நினைப்போம். டேட்டாபேஸ் அப்படி யோசிக்காது. மதிப்பே இல்லாத ஒண்ணை எதோட ஒப்பிட்டாலும் பதில் ஆம்னும் வராது, இல்லைன்னும் வராது, தெரியாதுன்னு வரும், தெரியாதுக்கு எதிர்ப்பதமும் தெரியாதுதான். அதனால அந்தத் துண்டு பேவ் ரூல்லயும் விழாது, பேவ் இல்லாத ரூல்லயும் விழாது, ரெண்டுக்கும் நடுவுல தொங்கும். காலியா இருக்கான்னு கேக்குற ரூல் ஒண்ணு தனியா வேணும். அதுக்கு நான் எப்பவும் கண்ணைக் குத்துற மெஜந்தா குடுப்பேன், நிஜ ரோட்ல அந்த நிறத்துல ஒரு பொருளும் கிடையாது, மாடலைச் சுத்திப் பார்க்கிறப்பவே எங்க டேட்டா விட்டுப்போயிருக்குன்னு தெரிஞ்சுடும்.

சரிவுக்கோணம்:
மெஜந்தா யோசனை அருமை, நானும் இனி அப்படியே பண்றேன். மூணாவது சிக்கல், தார் வந்து நடைபாதையை மூடுறது, இதுல ரெண்டு காரணத்தைக் குழப்பிக்கக்கூடாது. ரெண்டு பாலிகன் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்தா எது மேலன்னு முடிவு பண்றது ஸ்டைல் ரூல் இல்ல, சர்ஃபேஸ் லேயர்ஸ் பேனல்ல இருக்குற வரிசை. டெரைன், படம், கவரேஜ் எல்லாம் அங்க அடுக்கா இருக்கும். நடைபாதை தனி ஃபைலா வந்திருந்தா மேல தூக்கிடுங்க. எல்லாம் ஒரே ஷேப் ஃபைல்ல இருந்தா அங்க தூக்க முடியாது, பாலிகனையே சரி பண்ணணும்.

இன்னொரு காரணம், ஒரே துண்டு ரெண்டு ரூலுக்குப் பொருந்துறது. லேயர் பேர் 'பேவ்_சைட்வாக்'னு இருந்தா ரெண்டு லைக்கும் பிடிக்கும்.

வளைவுமுன்னே:
அதுக்கு ரூல் வரிசையை மாத்தி மாத்திப் பார்க்கிறதை விட, ரூல்களையே ஒண்ணோட ஒண்ணு மோதாம எழுதிடுறது நல்லது. தார் ரூல்ல பேவ் இருக்கணும், சைட்வாக் இருக்கக்கூடாதுன்னு ரெண்டையும் சேர்த்து எழுதுங்க. அப்ப எந்த ரூல் முதல்ல ஓடுது, எது கடைசில ஓடுதுன்ற கேள்வியே எழாது, நாளைக்கு வேற ஒருத்தர் வரிசையை இழுத்து மாத்தினாலும் படம் மாறாது. க்யூஜிஸ்ன்ற மேப் சாஃப்ட்வேர் பழகினவங்க இங்க கூடுதல் கவனமா இருக்கணும், அங்க ரூல் பேஸ்டு ஸ்டைல்ல ஒரு வடிவம் மூணு ரூலுக்குப் பொருந்தினா மூணு சிம்பலையும் ஒண்ணு மேல ஒண்ணு வரையும், மிச்சத்துக்கு எல்ஸ்னு ஒரு ரூலும் வெச்சுக்கலாம். அந்தப் பழக்கத்துலயே இங்க வந்து எழுதக்கூடாது.

அதே சமயம், இன்ஃப்ராவொர்க்ஸ்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஷேப் ஃபைலை க்யூஜிஸ்ல ஒரு தடவை திறந்து அட்ரிபியூட் டேபிளைப் பார்த்துடுங்க, கோட் ஃபீல்டுல என்னென்ன தனி மதிப்பு இருக்குன்னு கேட்டா ஸ்பேஸ் ஒட்டினது, எழுத்துப்பிழை, காலி எல்லாம் பட்டியலா வந்து நின்னுடும். ரூலே எழுதாம பாதி சிக்கல் அங்கயே தீரும்.

ஜல்லிக்கலவை:
குறுக்க வரேன், மன்னிக்கணும். எல்லாரும் டேட்டாவைச் சுத்தம் பண்ணு, ரூல் எழுதுன்னு சொல்றீங்க. ஒரே ஒரு பிரசன்டேஷனுக்கு, மொத்தம் ஒரு இன்டர்சேஞ்ச், இருபது பாலிகன். கையால க்ளிக் பண்ணி ஸ்டைல் குடுத்தா அரை மணி நேரத்துல முடிஞ்சுடும். இதுக்குப் போய் கோட், ஃபில்டர்னு ஒரு கட்டமைப்பு தேவையா? நான் உண்மையாவே கேக்குறேன்.

மைல்கல்:
நியாயமான கேள்வி. டிசைன் இனி மாறவே மாறாதுன்னு எழுத்துல வாங்கியிருந்தா கையால பண்ணுங்க, தப்பே இல்ல. ஆனா ரோடு டிசைன்ல அப்படி ஒரு நாள் வர்றதை நான் பார்த்ததில்ல. அலைன்மென்ட் அரை மீட்டர் நகரும், ஷோல்டர் அகலம் மாறும், பழைய டேட்டா சோர்ஸை அழிச்சுட்டுப் புதுசு ஏத்துவீங்க, நீங்க க்ளிக் பண்ணிக் குடுத்த ஸ்டைல் எல்லாம் அந்தப் பழைய பாலிகனோடயே போயிடும். ரூல் அந்தப் பாலிகன்ல ஒட்டியிருக்கிறது இல்ல, மாடல்ல தனியா இருக்கு, புது டேட்டா வந்ததும் திரும்ப ரன் பண்ணா போதும்.

நேரம் மட்டும் இல்ல, இன்னொண்ணும் இருக்கு. கையால குடுக்கிறப்ப எந்தத் துண்டு தார், எது ஷோல்டர்னு முடிவு பண்றது நம்ம கண்ணு. ரூல் வழியா வர்றப்ப அந்த முடிவு டிசைனர் கோரிடார்ல குடுத்த கோட்ல இருந்து வருது. மக்கள் கூட்டத்துல அந்தப் படத்தைக் காட்டுறப்ப, இங்க நடைபாதை வருமான்னு ஒருத்தர் கேட்டா, படத்துல இருக்கு, அதனால டிசைன்ல இருக்குன்னு தைரியமா சொல்லணும். கண்ணால பூசின கலரை வெச்சு அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஜல்லிக்கலவை:
கடைசிப் பத்தி யோசிக்க வைக்குது. சரி, அப்படின்னா எங்க டீம் லேயர் பேர் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வைப்பாங்க, ஒருத்தர் பிசிசின்னு வைப்பார், ஒருத்தர் பேவ்மென்ட்னு வைப்பார். ரூல்ல எல்லாத்தையும் 'அல்லது' போட்டு அடுக்குறதா?

சரிவுக்கோணம்:
அடுக்கலாம், ஆனா நாலு மாசத்துல அந்த ஃபில்டரை யாரும் படிக்க முடியாது. டேட்டா சோர்ஸ் கான்ஃபிகரேஷன்ல ஸ்கிரிப்ட்னு ஒரு டேப் இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதலாம். சோர்ஸ் ஃபீல்டுல இருக்குற பேரை எடுத்து, சுத்திலும் இருக்குற ஸ்பேஸை வெட்டி, நம்ம பொதுப் பேரா மாத்தி நேம் ஃபீல்டுல போட்டுடலாம். ரூல் எப்பவும் அந்தப் பொதுப் பேரை மட்டும் பார்க்கும், சோர்ஸ் எத்தனை விதமா வந்தாலும் ரூல் மாறாது.

வளைவுமுன்னே:
இதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஸ்கிரிப்ட் அந்த ஒரு டேட்டா சோர்ஸுக்குள்ள ஒளிஞ்சு இருக்கும். அடுத்தவர் புது ஃபைலைப் புது சோர்ஸா சேர்த்தா ஸ்கிரிப்ட் கூட வராது, ஏன் மெஜந்தாவா இருக்குன்னு முழிப்பார். பேரை மாத்துறதுன்னா சிவில் 3டிலயே மாத்துங்க, எல்லாரும் ஒரே டெம்ப்ளேட்ல ஒரே லேயர் பேர். பிரச்சனை எங்க பிறந்துச்சோ அங்கயே தீர்க்கணும், வர்ற வழியில ஒட்டுப் போடக்கூடாது.

சரிவுக்கோணம்:
டிசைன் நம்ம டீம்லயே நடந்தா நீங்க சொல்றதுதான் சரி, மறுப்பே இல்ல. ஆனா வேற கன்சல்டன்ட் அனுப்புற ஃபைல்ல லேயர் பேரை மாத்தச் சொன்னா எத்தனை பேர் மாத்துவாங்க? அங்க ஸ்கிரிப்ட் தவிர வழி இல்ல. அதுக்காக அதே ஸ்கிரிப்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைலா ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல வெச்சுடுறேன், எந்த சோர்ஸுக்கு எதுன்னு பேரோட. புது சோர்ஸ் சேர்க்கிறவங்க அங்க இருந்து எடுத்து ஒட்டணும்.

வளைவுமுன்னே:
வெளி ஃபைலுக்கு மட்டும்னா ஒத்துக்கிறேன்.

நடுக்கோடு:
எல்லாத்தையும் செஞ்சாச்சு. சர்வீஸ் ரோடு துண்டுகள் பேவ்1ன்ற லேயர்ல இருந்துச்சு, ஒரு சரிவுத் துண்டுக்குப் பேரே இல்ல, மெஜந்தால பளிச்சுன்னு தெரிஞ்சுது. சிவப்பும் போயிடுச்சு. இப்ப ரெண்டு சந்தேகம். லூப் ரேம்ப்ல (வட்டமா வளையுற இணைப்பு ரோடு) தார் ஓரம் வளைவா இல்லாம கோணல் கோணலா உடைஞ்சு தெரியுது. அப்புறம் கர்ப் (நடைபாதை ஓரக் கல்) தெரியவே இல்ல, கர்புக்கு ரூலும் இருக்கு, கான்கிரீட் ஸ்டைலும் குடுத்திருக்கேன்.

வளைவுமுன்னே:
வளைவு: ஷேப் ஃபைல்ல ஆர்க் கிடையாது, எல்லாம் நேர்க்கோட்டுத் துண்டுதான். கோரிடார் எத்தனை மீட்டருக்கு ஒரு செக்‌ஷன் எடுக்குதோ அதுதான் உங்க துண்டோட நீளம். ஆர்க்குக்கும் நேர்க்கோட்டுக்கும் நடுவுல வர்ற இடைவெளி, துண்டு நீளத்தோட வர்க்கத்தை ஆரத்தோட எட்டு மடங்கால வகுத்தா வரும். ஆரம் 200 மீட்டர், துண்டு 20 மீட்டர்னா 25 சென்டிமீட்டர் விலகும், அது கண்ணுக்கு நல்லாவே தெரியும். துண்டை 5 மீட்டர் ஆக்கினா ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான். லூப் ரேம்ப்ல ஆரம் 50 மீட்டர்னா அதே 5 மீட்டர் துண்டுக்கு 6 சென்டிமீட்டர் வரும், அதனால ரேம்புக்கு மட்டும் இன்னும் நெருக்கமா வைங்க. ரோடு முழுக்க நெருக்கமா வெச்சா மாடல் கனத்துப் போகும், வளைவுல மட்டும் ஃப்ரீக்வென்சியைக் கூட்டினா போதும்.

மைல்கல்:
கர்ப்: கவரேஜ்ன்றது மேல இருந்து பார்த்தா தெரியுற பரப்பு, டெரைன் மேல படியுற விரிப்பு. கர்போட முன் முகம் செங்குத்தா நிக்குது, மேல இருந்து பார்த்தா அதோட அகலம் சுத்தமா பூஜ்யம், பூஜ்யப் பரப்புக்குப் பாலிகனே உருவாகாது. கர்ப் மேல் பரப்பு மட்டும் 15 சென்டிமீட்டர் பட்டையா வரலாம், அது தூரத்துல இருந்து பார்க்கிறப்ப காணாமப் போயிடும். ரூல்ல குறை ஒண்ணும் இல்ல, கவரேஜால காட்ட முடியாத பொருள் அது.

கர்ப் நிஜமா உயரத்தோட தெரியணும்னா சிவில் 3டில கோரிடார் சாலிட் எக்ஸ்ட்ராக்ட் பண்ணி, கர்ப் ஷேப்பை மட்டும் எடுத்து 3டி மாடலா கொண்டுவாங்க. லேயர் பேருக்கு டெம்ப்ளேட் குடுக்கலாம், அதுல கோட் வர்ற மாதிரி வைங்க, பின்னாடி எது எதுன்னு பிரிக்க உதவும். கிட்டப் போய்ப் பார்க்கிற இடங்களுக்கு மட்டும் இப்படிப் பண்ணுங்க, மத்த நீளத்துக்குக் கவரேஜே போதும்.

ஜல்லிக்கலவை:
கடைசியா ஒண்ணு. ஒரு ரூலுக்குள்ள ரெண்டு மூணு ஸ்டைல் சேர்க்க முடியுதே, நான் தாருக்கு மூணு விதமான அஸ்ஃபால்ட் போட்டேன், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி வந்து ஒட்டுப்போட்ட ரோடு மாதிரி ஆயிடுச்சு.

சரிவுக்கோணம்:
அது அப்படித்தான் பண்ணும், பல ஸ்டைல் குடுத்தா பொருந்துற துண்டுகளுக்குள்ள தானா கலைச்சுப் பிரிச்சுக் குடுக்கும். கட்டடத்துக்கும் மரத்துக்கும் அது அழகு, தெரு முழுக்க ஒரே வீடு நிக்காம இருக்கும். ரோட்டுக்கு ஒரு ரூலுக்கு ஒரே ஸ்டைல் வைங்க.

நடுக்கோடு:
இந்த ரூல்களை அடுத்த பேக்கேஜ் மாடலுக்குக் கொண்டுபோகணும், அதே டெம்ப்ளேட், அதே லேயர் பேர்தான். ரூல் பேனல்ல எக்ஸ்போர்ட் இருக்கு, அது மட்டும் போதுமா?

மைல்கல்:
போதாது. ரூல் ஃபைல்ல ஸ்டைலோட பேர்தான் போகும், நீங்க சொந்தமா உருவாக்கின மெஜந்தா, ஷோல்டர் ஸ்டைல் எல்லாம் ஸ்டைல் கேட்டலாக்ல இருக்கு. கேட்டலாக்கையும் எக்ஸ்போர்ட் பண்ணி, புது மாடல்ல முதல்ல கேட்டலாக், அப்புறம் ரூல்னு இம்போர்ட் பண்ணுங்க. முடிஞ்சதும் மெஜந்தா ரூலை மட்டும் தனியா ஓட்டிப் பாருங்க, எந்தப் பாலிகன்லயாவது கோட் விட்டுப்போயிருந்தா மத்த ரூலைத் தொடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.